சேத்து மேடத்துக்கு எண் போட்ட கதை

அந்தப் பல்கலைக்கழகத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் யாரும் இல்லை. சேத்து மேடம் என்றால்தான் தெரியும். கடலுக்கு அடியிலிருந்து குழாய் குழாயாகக் கொண்டுவரும் சேற்றைச் சலித்து, கழுவி, அதில் கிடக்கும் கடல் நுண்ணுயிர்களின் பொடிப்பொடி ஓடுகளை எண்ணிப் பார்த்து, கடல் எந்தக் காலத்தில் சூடாக இருந்தது, எந்தக் காலத்தில் குளிர்ந்து கிடந்தது என்று சொல்வது அவள் வேலை. சேற்றைப் பார்த்தே கடலுக்கு ஜுரம் வந்த கதையெல்லாம் சொல்வாள். ஆனால் ஒரு கப்பலிலும் அவள் இதுவரை கால் வைத்ததில்லை. சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், அதனால் அவளும் வெளியே சொல்வதில்லை.

முதல் தடவை கப்பலில் இடம் கிடைத்தபோது வயிற்றில் பிள்ளை. அடுத்த தடவை கணவருக்கு வேறு ஊருக்கு மாற்றல். தட்டுமுட்டுச் சாமான்களைக் கட்டி ஏற்ற ஆள் வேண்டும். அதற்கடுத்த தடவை மாமியாருக்குக் கண் ஆபரேஷன். ஒன்றுமே குறுக்கே வராத ஒரு வருஷத்தில் துறைத்தலைவரின் மச்சான் குறுக்கே வந்தான். அவளுக்குப் பதிலாக அவன் போனான். கப்பலில் நன்றாகச் சீட்டாடினான், வெயிலில் கறுத்துத் திரும்பினான். கொண்டுவந்த குழாய்களில் எது மேல்முனை, எது கீழ்முனை என்று குறிக்க மட்டும் மறந்துவிட்டான். அந்த வருஷம் முழுக்கத் துறையே கடலின் வரலாற்றைத் தலைகீழாகப் படித்து, கட்டுரை எழுதி, மேடையேறிக் கைதட்டலும் வாங்கியது. தப்பைக் கண்டுபிடித்தது சேத்து மேடம்தான். கண்டுபிடித்த குற்றத்துக்காகத் துறைத்தலைவர் அவளிடம் வெகுநாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஒருவழியாக இந்த வருஷம் வழி பிறந்தது. வெள்ளிக்கிழமை காலை கப்பல் கிளம்புகிறது, அவளுக்கு அதில் ஒரு படுக்கை உண்டு. இந்தத் தடவையும் விட்டால் அடுத்த பயணத்துக்குள் அவளுக்கு வயது வரம்பு தாண்டிவிடும். துணிமணியைப் பெட்டியில் அடுக்கி, பெட்டியை வீட்டில் வைக்காமல் தன் ஆராய்ச்சி அறை மேசைக்கடியில் கொண்டுவந்து வைத்தாள். வீட்டில் வைத்தால் ஏதாவது ஒரு காரணம் வந்து அதன்மேல் உட்கார்ந்துகொள்ளும் என்று பயம். அனுபவம் பேசியது.

ஆனால் காரணம் இந்தத் தடவை ஆராய்ச்சி அறையைத் தேடிக்கொண்டே வந்தது.

பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் ‘ஆழ்கடல் அறிவோம்’ என்று ஒரு கண்காட்சி தயாராகிக்கொண்டிருந்தது. கூரை முழுக்க நீல விளக்கு. நடுவில் ஒரு திமிங்கல விலா எலும்பு. மூலையில் முத்துக்குளிக்கிறவனுடையதா தீயணைக்கிறவனுடையதா என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாத ஓர் உடுப்பு. ஒலிபெருக்கியில் ஓயாமல் அலையோசை. அது மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்தபோது பிடித்த ஓசை என்பது உள்ளாட்களுக்கு மட்டும் தெரியும். எல்லாம் இருந்தும் நிஜமான ஆராய்ச்சிக்கூடம் ஒன்று இல்லையே என்று குறை. துறையில் இடம் போதாமல் சேத்து மேடத்தின் அறை நெடுங்காலமாக அருங்காட்சியகத்தின் பின்கட்டில்தான் இருந்தது. துறைத்தலைவர் தாராள மனசோடு, “அதை அப்படியே எடுத்துக்குங்க, உள்ளது உள்ளபடி” என்று தூக்கிக் கொடுத்துவிட்டார். அவருக்கென்ன, போவது அவர் அறையா? ஒரே வாரத்தில் முன்சுவரை இடித்துக் கண்ணாடி போட்டார்கள். “நீங்க பாட்டுக்கு உங்க வேலையைப் பாருங்க மேடம், திறப்பு விழா வரைக்கும்தானே” என்றார்கள். அவளும் பார்த்தாள்.

அருங்காட்சியகத்தின் காப்பாட்சியர் அம்மாளைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். நெடுநெடுவென்று உயரம், பூனை மாதிரி நடை, அதிராத குரல். உலகத்தில் அவருக்குப் பொருள்கள் என்றால் உயிர். மனிதர்கள்மேல் வெறுப்பொன்றும் இல்லை, ஆனால் அவர்கள் இடம் மாறிக்கொண்டே இருக்கிறார்களே என்று ஒரு வருத்தம். கண்காட்சி எதுவானாலும் திறப்புக்கு முன் உள்ளே இருக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் தன் கையாலேயே பதிவெண் எழுதுவார். முதலில் வெள்ளைப் பூச்சு, அது காய்ந்ததும் கறுப்பு மையில் எண், மேலே ஒரு பூச்சு மெருகு. வெளியே தெரியாத இடமாகப் பார்த்து எழுத வேண்டும் என்பது அந்தத் தொழிலின் மரியாதை.

திங்கட்கிழமை மத்தியானம் அவர் சேத்து மேடத்தின் அறைக்குள் வந்தபோது அவள் நுண்ணோக்கியில் கண் வைத்து ஓடு எண்ணிக்கொண்டிருந்தாள். ஓடு எண்ணும்போது அவள் அசையமாட்டாள். மூச்சைக்கூட மெள்ளத்தான் விடுவாள். கொஞ்சம் பலமாக விட்டால் தட்டிலிருக்கும் ஓடெல்லாம் பறந்துவிடும், பல லட்சம் வருஷம் தரையில் சிந்திவிடும். காப்பாட்சியர் அலமாரிக்கு எண் போட்டார், சல்லடைகளுக்குப் போட்டார், குளிர்பெட்டிக்குப் போட்டார், நாற்காலிக்குப் போட்டார். வேலையில் மூழ்கினால் அவருக்கும் கண்மண் தெரியாது. சேத்து மேடத்தின் முழங்கையில் ஏதோ குளிர்ச்சியாக ஊர்ந்தது. எறும்பு என்று நினைத்துக்கொண்டாள். எண்ணிக்கைக்கு நடுவில் எறும்பாவது, யானையாவது! அவள் அசையவில்லை. பூச்சு காய்ந்தது, எண் ஏறியது, மெருகும் பளபளத்தது.

சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பியவளை வாசலில் காவலாளி நிறுத்தினார்.

“மேடம், கையைக் கொஞ்சம் தூக்குங்க.”

“எதுக்கு?”

“முழங்கைல பதிவெண் இருக்கு. எண் போட்ட பொருளை வெளியே விட எனக்கு அதிகாரம் இல்ல.”

“என்னைப் பார்த்தா பொருள் மாதிரியா இருக்கு?”

காவலாளி அவளைத் தலையிலிருந்து கால்வரை நேர்மையாகப் பார்த்தார். “அதெல்லாம் எனக்குத் தெரியாது மேடம். எண் இருக்கு” என்றார்.

காப்பாட்சியரைக் கூப்பிட்டார்கள். அவர் வந்து முழங்கையைத் திருப்பிப் பார்த்தார். முகம் வாடிப்போயிற்று.

“என் கையெழுத்துதான். ஆனா நீங்க அசையவே இல்லையே!”

“அசையலைன்னா எண் போட்டுடுவீங்களா?”

“அசையிற எதுக்கும் நான் இதுவரைக்கும் எண் போட்டதில்ல. அப்போ நீங்க அசையலைன்னுதானே அர்த்தம்?”

“சரி, ஸ்பிரிட் இருக்கு என்கிட்ட. ஒரு தொடை தொடைச்சா போயிடும்.”

காப்பாட்சியர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். எண்ணை அழிப்பதா? இந்தக் கட்டிடத்திலா? ஏறிய எண்ணை இறக்குவதற்கென்றே ஒரு குழு இருந்தது. குழு கூடினால்தான் முடியும். ஆனால் குழுவின் தலைவர் காலமாகி வெகுகாலம் ஆயிற்று. புதிய தலைவரை உட்காரவைக்கலாம் என்றால், பழைய தலைவர் உட்கார்ந்த நாற்காலிக்கு மரியாதை நிமித்தம் எண் போட்டுக் காட்சிக்கு வைத்திருந்தார்கள். எண் போட்ட நாற்காலியில் யாரும் உட்காரக் கூடாது. அந்த எண்ணை இறக்கலாம் என்றால் அதற்குக் குழு கூட வேண்டும். இதைக் காப்பாட்சியர் எந்தக் குத்தலும் இல்லாமல், மழை பெய்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னார். சேத்து மேடத்துக்குத் தலை சுற்றியது. கத்தினாள், கெஞ்சினாள், படித்தவள் என்றும் பாராமல் காவலாளியின் கையைக் கடிக்கக்கூடப் பார்த்தாள். கடைசியில் அவளைப் பத்திரமாக, இரண்டு பேர் இரண்டு பக்கமும் தாங்கி, அவளுடைய நாற்காலியிலேயே கொண்டுவந்து வைத்தார்கள். வைத்தவர்கள் கையுறை போட்டிருந்தார்கள்.

மறுநாள் காலை கண்ணாடியில் ஒரு அட்டை இருந்தது. ‘கடல் ஆராய்ச்சியாளர். பெண். நடுவயது. நிலை: நன்று. தொடாதீர்கள்.’

திறப்பு விழா அமோகமாக நடந்தது. திமிங்கல எலும்பைச் சீந்துவார் இல்லை, கூட்டமெல்லாம் சேத்து மேடத்தின் கண்ணாடி முன்னால்தான். அவள் தும்மினால் படம் எடுத்தார்கள். கோபத்தில் சல்லடையை வீசினால் “தத்ரூபம்” என்றார்கள். “உள்ளே பாட்டரி எங்கே இருக்கும்?” என்று ஒருவர் தன் மனைவியிடம் சந்தேகம் கேட்டார்.

துறைத்தலைவர் வாயெல்லாம் பல்லாக வந்தார். கண்ணாடிக்கு மேலே ஒரு சாண் இடைவெளி இருந்தது. பேசுவதென்றால் அதன் வழியாகக் கத்தித்தான் பேச வேண்டும்.

“மேடம், வாழ்த்துகள்! இத்தனை வருஷமா தற்காலிகம், தற்காலிகம்னு பொலம்பினீங்களே, இப்போ நிரந்தரம் ஆயிட்டீங்க! இனிமே உங்களை யாராலும் அசைக்க முடியாது!”

“சார், வெள்ளிக்கிழமை கப்பல்!”

“அதைப் பத்திக் கவலையே படாதீங்க. நம்ம மச்சான் சும்மாதான் இருக்கான்.”

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வேறு யார் போயிருந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருப்பாள். மேல்முனை கீழ்முனை தெரியாதவன் போய் அவள் படுக்கையில் படுத்து, அவள் கடலைப் பார்த்துக் கொட்டாவி விடப்போகிறான் என்பதுதான் தாங்கவில்லை. அழுதாள். அதையும் படம் எடுத்தார்கள்.

புதன்கிழமை கணவர் வந்தார், வரிசையில் நின்று டிக்கெட் வாங்கிக்கொண்டு. கணவர் நல்லவர். தொந்தரவே அதுதான், சண்டை போடக்கூட ஒரு பிடி கிடைக்காது. போகாதே என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. “போயிட்டு வாயேன்” என்பார். சொல்லிவிட்டு “ஆனா...” என்று ஒரு பெருமூச்சு விடுவார். அந்த ‘ஆனா’வுக்குள் பிள்ளை, வீடு, அம்மாவின் கண், அடுப்பு எல்லாம் அடங்கியிருக்கும்.

“சாப்பிட்டியா?” என்று கத்தினார்.

“குடுக்கிறாங்க! என்னங்க, எப்படியாவது என்னை வெளியே எடுங்க!”

“பேசிட்டுதான் இருக்கேன்! ஆனா... வாஷிங் மெஷின்ல எந்தப் பட்டனை முதல்ல அமுக்கணும்?”

பார்வையாளர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் சொன்னாள். சொல்லாமல் இருந்திருக்கலாம், பழக்கதோஷம்.

அவருக்குப் பின்னாலேயே மாமியார் மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். மாமியாருக்கும் மருமகளுக்கும் கல்யாண நாளிலிருந்தே ஏழாம் பொருத்தம். ஆபரேஷன் செய்த கண்ணால் மாமியார் அட்டையை எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

“நிலை நன்றாமே! ராத்திரியெல்லாம் முட்டி வலிக்குதுன்னு மொனகுறது இவங்களுக்கு யாரு சொல்றது? எழுதுறதை ஒழுங்கா விசாரிச்சு எழுத வேணாமா?”

“அத்தை, நீங்க சும்மா இருங்க!”

“நான் ஏன் சும்மா இருக்கணும்? போறவன் வர்றவனெல்லாம் காசு குடுத்துப் பாக்குறான், எனக்கு மானம் போகுது. உன் புருஷன் சமைக்கிறதைத் தின்னு என் நாக்கும் செத்துப்போச்சு” என்று சொல்லிவிட்டு மாமியார் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளைப் பார்த்துவிட்டு ஒரு குடும்பம் அவளுக்கும் அட்டை எங்கே என்று தேடியது.

வியாழக்கிழமை மாலை, கூட்டம் கலைந்த பிறகு, காப்பாட்சியர் தயங்கித் தயங்கி வந்தார். பக்கவாட்டுக் கதவைத் திறந்து உள்ளே வந்து நின்றார்.

“ஒரு வழி இருக்கு. எந்தப் பொருளையும் கொடுத்தவங்க வந்து திருப்பிக் கேட்டா நாங்க கொடுத்துடணும். அதுக்குக் குழு வேண்டாம், என் கையெழுத்தே போதும். உங்களை யாரு எங்களுக்குக் கொடுத்தாங்கன்னு இன்னும் எழுதல. அந்த எடம் காலியா இருக்கு.”

சேத்து மேடம் எழுந்தேவிட்டாள். “அப்போ யாராவது கேட்டா விட்டுடுவீங்களா?”

“உடையவங்க கேட்டா. ஆனா பொருள் எங்கேருந்து வந்ததோ அங்கேதான் திரும்பிப் போகணும். வேற எங்கேயும் அனுப்பக் கூடாது.” கொஞ்சம் நிறுத்தி, “உங்க வீட்டுக்காரங்களையும் துறைத்தலைவரையும் நாளைக்குக் காலைல வரச் சொல்லியிருக்கேன். நீங்க இங்கேயே இருந்தாலும் எனக்குச் சந்தோஷம்தான். தூசி படியாம பாத்துக்குவேன்” என்றார். அதில் பொய் இல்லை.

அன்று இரவு அவள் தூங்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை கண்காட்சி திறக்கும் முன்பே துறைத்தலைவர், கணவர், மாமியார் மூன்று பேரும் ஆஜர். துறைமுகம் இரண்டு தெரு தள்ளித்தான். கப்பலின் முதல் சங்கு ஊதியது கண்ணாடிவரை வந்து அதிர்ந்தது. காப்பாட்சியர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்.

“இந்தப் பொருள் யாருது?”

“துறையோடது!” துறைத்தலைவர் முந்திக்கொண்டார். “அறையை உள்ளது உள்ளபடி கொடுத்தது நான். உள்ளே இருந்ததும் அதுல அடக்கம். நான் திருப்பிக் கேக்கல. இங்கேயே இருக்கட்டும்.”

கணவருக்கு முதல் தடவையாகக் கோபம் வந்ததைச் சேத்து மேடம் பார்த்தாள். “என்ன சார் பேசுறீங்க? தாலி கட்டினது நான். தினம் காலைல வீட்டுலேருந்து அனுப்பி வெச்சது நான். சாயங்காலம் வீட்டுக்குத்தான் வரும். எங்களுதுங்க இது!” கையை நீட்டினார். “எங்கே கையெழுத்துப் போடணும்?”

“நீங்க போட்டா வீட்டுக்குக் கொண்டுபோகலாம். நேரா வீட்டுக்கு” என்றார் காப்பாட்சியர்.

“வீட்டுக்குத்தான்.” அவர் மனைவியைப் பார்த்துச் சிரித்தார். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. “வா, போயிடலாம். போதும் பட்டது. கப்பலுக்கு இன்னொரு தடவை பாத்துக்கலாம். நீ போறதுல எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா...”

அவர் கைக்கு மாறிய பேனா காகிதத்தின்மேல் போய் நின்றது. ஒரு கோடு கிழித்தால் போதும், அவள் விடுதலை. வீட்டில் வென்னீர் போட்டுக் குளிக்கலாம், சொந்தப் படுக்கையில் படுக்கலாம். அவளுக்கு அது வேண்டாம் என்றில்லை. அவர்மேல் அவளுக்குப் பிரியமும் உண்டு. அந்தக் கணத்தில் அந்தப் பிரியமே பயமாக இருந்தது.

“நிறுத்துங்க!” என்றாள். கண்ணாடிக்கு மேலே இருந்த இடைவெளிக்குத் தேவையில்லாத சத்தம். குரல் நீல விளக்கெல்லாம் தாண்டிப் போயிற்று. “என்னை யாரும் கொடுக்கல. அன்னைக்கு என் கால்ல நடந்து நானாத்தான் இந்த அறைக்குள்ள வந்தேன். நான் என்னோடவ. என்னை நானே திருப்பிக் கேக்குறேன்.”

ஒலிபெருக்கியில் தண்ணீர்த் தொட்டி மட்டும் அலையடித்தது.

“பொருளே வந்து தன்னைக் கேக்குற வழக்கம் இல்லையே” என்றார் காப்பாட்சியர், நிஜமான கவலையோடு. “தனக்குத் தானே சொந்தம்னா அதுக்குச் சாட்சி வேணும். நெருங்கின சொந்தத்துல ஒருத்தர்.”

கணவர் தரையைப் பார்த்தார். துறைத்தலைவர் கூரையைப் பார்த்தார். அப்போதுதான் மூலையில் உட்கார்ந்திருந்த மாமியார் கையூன்றி எழுந்தாள். இந்த வாயிலிருந்து நல்ல வார்த்தை வந்து சேத்து மேடம் கேட்டதேயில்லை.

“எழுதிக்கம்மா” என்றாள் மாமியார் காப்பாட்சியரிடம். “இவ கல்யாணமாகி வந்த நாள்லேருந்து இவளை எங்க வீட்டு ஆளா மாத்தணும்னு நான் படாத பாடு பட்டுட்டேன். உப்பைக் கொறைன்னா கொறைக்க மாட்டா. விருந்தாளி வந்தா சேத்துக் கையோட வந்து நிப்பா. ஒரு நாள் ஒரு பொழுது நான் சொன்னதைக் கேட்டதில்ல. நானும் அழுது பாத்தேன், பட்டினி கெடந்து பாத்தேன், இவனை ஏத்திவிட்டும் பாத்தேன். ஒண்ணும் நடக்கல. இவ எங்களுதுன்னு எவனாவது சொன்னா அது பச்சைப்பொய். இவ யாருக்கும் சொந்தமில்ல. இவளுக்கே இவதான் சொந்தம். இதை எந்தக் கோயில்ல வேணும்னாலும் சத்தியம் பண்ணுவேன்.”

இத்தனை வருஷம் அடுப்படியில் தன்னைக் குத்திக் கிழித்த அதே புகார்தான். வார்த்தை மாறாமல் அதையே கேட்டுக்கொண்டு நின்ற சேத்து மேடத்துக்கு, மாமியாரைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. நடுவில் கண்ணாடி இருந்தது.

காப்பாட்சியர் கணவரைப் பார்த்தார். “உங்களுக்கு ஆட்சேபணை உண்டா?”

கணவர் வாயைத் திறந்தார். ‘ஆனா’ வந்து நாக்கு நுனியில் நிற்பது சேத்து மேடத்துக்கு இங்கிருந்தே தெரிந்தது. அவர் அதை விழுங்கினார். கஷ்டப்பட்டுத்தான் விழுங்கினார்; தொண்டை ஏறி இறங்கியது.

“இல்ல. போகட்டும்” என்று பேனாவைக் காப்பாட்சியரிடம் திருப்பிக் கொடுத்தார்.

“சார், என் மச்சான் பெட்டியோட கப்பல்கிட்ட நிக்கிறானே!” என்று துறைத்தலைவர் பதறினார். “சீட்டுக்கட்டு எடுத்துட்டுப் போயிருப்பான், பொழுது போயிடும்” என்றாள் மாமியார்.

‘உடையவர் தாமே வந்து பெற்றுக்கொண்டார்’ என்று காப்பாட்சியர் முத்து முத்தாக எழுதி, பக்கவாட்டுக் கதவைத் திறந்து காகிதத்தை உள்ளே நீட்டினார். சேத்து மேடம் கையெழுத்துப் போட்டு, தன்னைத்தானே பெற்றுக்கொண்டு, பெட்டியை இழுத்தபடி அந்தக் கதவு வழியாகவே வெளியே ஓடினாள். கணவரைத் தாண்டும்போது நின்று அவர் கையை ஒரு தடவை அழுத்தினாள். இரண்டாவது சங்கு ஊதியது. அதற்குமேல் நின்றால் ஏதாவது ஆகிவிடும் என்று தெரியும், அதனால் நிற்கவில்லை.

கப்பலின் படிக்கட்டில் ஒரு மாலுமி அவளையும் பெட்டியையும் பார்த்தான். “யாரு கூட வந்திருக்கீங்கம்மா?”

“யாரு கூடவும் இல்ல.”

“சரி, ஏறுங்க.”

அவ்வளவுதான். இத்தனை வருஷம் போராடியதற்கு இவ்வளவு சுலபமான ஒரு வார்த்தையா என்று அவளுக்கு ஆத்திரமாகக்கூட வந்தது. ஏறினாள். தளத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எதிரே கடல், அட்டையில்லாமல், விளக்கில்லாமல், எண்ணெயும் மீனும் கலந்த வாடையோடு விரிந்து கிடந்தது. ஆசை தீரப் பார்த்தாள். பிறகு வயிறு புரட்டியது. கால் தள்ளாடியது, உலகம் மேலும் கீழும் போயிற்று. கம்பிக்கு வெளியே தலையை நீட்டி ஒரு பாட்டம் வாந்தியெடுத்தாள்.

மாலுமி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். அவனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“மேடம், கப்பல் இன்னும் கிளம்பவே இல்ல. கட்டின கயித்தைக்கூட இன்னும் அவுக்கல.”

அவள் வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

“அப்போ நின்னு வேடிக்கை பாக்குறீங்களே, அவுத்துவிடுங்கப்பா!” என்றாள்.